பங்குனித் தண்ணி

எங்க உப்பாத்துமுனைக் குடாவுல போன மார்கழியில பங்குனி மாசம் வந்து உக்காந்துக்கிட்டதை நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி, அந்தப் பங்குனி வெயில்ல காயவச்ச மோர்மிளகா இன்னும் என் வீட்டுப் பானையில கெடக்கு, வறுத்துத் தாரேன், கடிச்சுக்கிட்டே கேளுங்க.

வாடைக்காலம்னா என்னன்னு உள்நாட்டு ஆளுகளுக்குத் தெரியாது. ஐப்பசியில வடக்கேருந்து காத்து கிளம்பும், கிளம்புச்சுன்னா மாமியா வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, தை முடியாமப் போகவே போகாது. குடாத் தண்ணி கலங்கி அரிசி கழுவுன தண்ணியா ஆயிரும், அடியில கெடக்குற பாசியெல்லாம் பிச்சுக்கிட்டு வந்து வலையில அடைஞ்சுக்கும், அந்தப் பாசியை எடுக்குறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும், வலையில மீனு இருக்காது, பாசிதான் இருக்கும். குளிருக்கு மீனெல்லாம் ஆத்து வாய்க்கு நேரா இருக்குற மடுவுக்குள்ள போயி அடியோட அடியாப் படுத்துக்கும். குளிர்ல மீனும் மனுசன் மாதிரித்தான், சோம்பேறி, ஓடித் துரத்தித் திங்காது, வாய்க்கிட்ட கொண்டுபோயிக் குடுத்தாத்தான் திங்கும். அதனால விடியக் காத்து சித்த அசந்து கெடக்கும்போதே வத்தையைத் தள்ளணும். வத்தைன்னா ரெண்டு மூணு பேரு போற சின்னத் தோணி. மடுவுக்குக் காத்து வாற பக்கமா நங்கூரத்தைப் போட்டு, ஈயக்குண்டைக் கனமாக் கட்டி, இறாலைப் பொடிசா நறுக்கிக் கோத்து, தரை தொடுற வரைக்கும் தூண்டிலை விட்டு, விரல் விறைச்சுப் போனாலும் தூண்டில் நரம்பை விடாம உக்காந்திருக்கணும், வெயில் ஏறி வாடை எந்திரிக்குமுன்ன கரையைப் பாத்து ஓடியாந்துரணும். இம்புட்டுப் பாடும் பட்டாக் குழம்புக்கு மீனு கெடைக்கும். வாடைக்காலத்துல எங்க ஊருல யாரும் வயிறு நெறையத் திங்குறது இல்லை.

அப்படித்தான் மார்கழி பொறந்த புதுசுல எங்க வீட்டுக்காரரு பூமிநாதன், தலையில துண்டு, உடம்புல ரெண்டு சட்டை, பல்லு தந்தியடிக்க மடுவுல தூண்டில் போட்டுக்கிட்டு இருந்தாக. நங்கூரம் பாசியில வழுக்கிருச்சு, வாடை தள்ள வத்தை தெக்குப் பக்கமா இழுபட்டுப் போயிருக்கு. கொஞ்ச தூரம் போனதும் இவுகளுக்கு வேர்த்துச்சாம். காய்ச்சல் விடுதுபோலன்னு நெனச்சு ஒரு சட்டையைக் கழட்டுனாகளாம், அப்பறம் இன்னொண்ணையும் கழட்டுனாகளாம், தலைத் துண்டை எடுத்து விசிறிக்கிட்டு நிமிந்து பாத்தா, நாலாபக்கமும் வாடை பேயாட்டம் ஆடுது, அலை நுரை கக்குது, இவுக இருக்குற இடம் மட்டும் கோயில் ஊருணி அளவுக்கு வட்டமா, குடத்துத் தண்ணி மாதிரி அசையாமக் கெடக்கு, மேல பங்குனி வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, தெக்கேருந்து இளங்காத்து வருது.

வத்தை முங்குற அளவுக்கு மீனோட வந்தாக. வெளமீனு, பாறை, ஊளி, எல்லாம் கையை விட்டாத் துள்ளுது. "எங்கய்யா புடிச்சீக?"ன்னு கேட்டேன்.

"பங்குனியில புடிச்சேன்."

"குளிர்ல மூளை உறைஞ்சு போச்சா?"

"தொட்டுப் பாருடி, உடம்பு இன்னும் சுடுது"ன்னாக. தொட்டுப் பாத்தேன். முதுகு வெயில்பட்ட ஓடு மாதிரிச் சுட்டுச்சு. மார்கழியில எம்புருசனுக்கு வேர்க்குரு போட்டிருந்துச்சு, அதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?

மறுநாள் ஊரே போய்ப் பாத்துட்டு வந்துச்சு. ஏன் வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு ஒருத்தரும் மண்டையை ஒடைச்சுக்கலை, கடலு குடுக்கும்போது கணக்குக் கேட்டா அடுத்தவாட்டி குடுக்காது. எப்படிப் புடிக்கிறதுங்குறதைத்தான் பேசுனாக. வட்டத்துக்கு நடுவுல தூண்டில் போட்டா ஒண்ணும் கெடைக்காது, வெளியிலேயும் ஒண்ணும் கெடைக்காது, வெதுவெதுப்பும் குளிரும் ஒரசுற விளிம்பு இருக்கு பாருங்க, அங்கதான் குளிர்ல நடுங்கி வாற மீனெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தி வாசல்ல நிக்கிற மாதிரி நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கும். அதனால வத்தையை உள்ள நிப்பாட்டிக்கிட்டுத் தூண்டிலை வெளியில எறிஞ்சு மெதுவா உள்ள இழுக்கணும், இதை எங்க வீட்டுக்காரருதான் கண்டுபுடிச்சாக, இன்னைக்கு வரைக்கும் அதுல ஒரு கர்வம். எடம் கொஞ்சம், வத்தை நெறைய, அதனால கரைவலைக்குப் பாடு வைக்கிற மாதிரி இன்னைக்கு உனக்கு, நாளைக்கு எனக்குன்னு ஊர்த் தலைவரு கருமலையான் முறை வச்சாரு. பொம்பளைங்க நாங்க சும்மா இருப்போமா? மழைக்காலத்துல காயாமப் புழுத்துப்போற கருவாட்டையெல்லாம் வத்தையில ஏத்தி அனுப்புனோம், அப்பறம் கூழ்வத்தல் போச்சு, மிளகா போச்சு, ஈரப் பாவாடை போச்சு. "நான் மீன் புடிக்கப் போறேனா, கொடி கட்டப் போறேனா?"ன்னு எங்க வீட்டுக்காரரு கத்துனாக. கத்திக்கிட்டே கொண்டு போனாக.

அதுவரைக்கும் வேடிக்கைதான். அந்த வட்டத்துக்குள்ள உக்காந்து கரையைத் திரும்பிப் பாத்தா என்ன தெரியுதுங்குறதுலதான் வெனையே வந்துச்சு.

கார்த்திகையில அடிச்ச புயல்ல எங்க ஊரு பனைவரிசை சாஞ்சு போச்சு, பாதி வீட்டுக்குக் கூரை இல்லை. ஆனா வட்டத்துக்குள்ளருந்து பாத்தா பனையெல்லாம் நிக்குது, கூரையெல்லாம் இருக்கு. கோயில்ல பங்குனி உத்திரத்துக்குக் கொடி ஏத்தியிருக்கு, பந்தல் போட்டிருக்கு. கழிஞ்சுபோன பங்குனி, நாங்க வாழ்ந்து முடிச்ச அதே பங்குனி, அங்க ஒவ்வொரு நாளா நடந்துக்கிட்டு இருக்கு. நாங்களே நடமாடுறோம். நான் வாசல்ல நின்னு பக்கத்து வீட்டுக்காரியோட சண்டை போடுறதை எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு வந்து, "சத்தம் கேக்கலை, அதனால நல்லா இருந்துச்சு"ன்னு சொன்னாக. ஆமா, அங்கருந்து ஒரு சத்தமும் இங்க வராது.

இங்கருந்து போகும். அது எப்படித் தெரிஞ்சதுன்னா, சொக்கன்னு ஒருத்தன், அவன் வெள்ளாடு சித்திரையில லாரியில அடிபட்டுச் செத்துப் போச்சு. வட்டத்துல இருக்கும்போது அந்த ஆடு கரையில ஜம்முனு மேஞ்சுக்கிட்டு நிக்கிறதைப் பாத்ததும் பயலுக்குத் தாங்கலை, "ஏ ராசாத்தி!"ன்னு கூப்பாடு போட்டான். ஆடு தலையைத் தூக்கித் திரும்பிப் பாத்துச்சு. பாத்துச்சு, அம்புட்டுத்தான். செத்த ஆடு செத்ததுதான், பட்டியில வந்து நிக்கலை. ஆனா வட்டம் சடசடன்னு சுருங்கிருச்சு. ஊருணி அளவு இருந்தது அரை ஊருணி ஆச்சு, வெளியில நின்ன வாடை ஒரு எட்டு உள்ள வந்துச்சு.

தலைவரு கருமலையான் அன்னைக்கே ஊரைக் கூட்டுனாரு. அவரு முறைன்னா முறைதான், தலைகீழா நின்னாலும் மாறாது, சொந்த மகன் கல்யாணத்துலயே தாம்பூலம் தப்பாக் குடுத்தாகன்னு பந்தலை விட்டு எந்திரிச்சவரு. "வட்டத்துக்குள்ள யாரும் கரையைப் பாத்துக் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டா ஊரு பட்டினி. உங்க ஏக்கத்தையெல்லாம் மூட்டை கட்டி வீட்டுல வச்சுட்டு வாங்க"ன்னாரு. அவரு மகன் சித்திரையில சவுதிக்குப் போனவன், அந்தப் பங்குனிக் கரையில தெனமும் வேப்பமரத்தடியில கேரம்போர்டு ஆடிக்கிட்டு இருந்தான். கருமலையான் தன் முறை வந்தா கரைக்கு முதுகைக் காட்டி உக்காந்துதான் தூண்டில் போடுவாரு. ஒருநாளும் திரும்பிப் பாத்தது இல்லை.

சரி, களஞ்சியம்னு ஒருத்தன் கதைக்கு வாறேன். எனக்குக் கொழுந்தன் முறை, நல்ல பய, வாயடிக்கத் தெரியாது, சிரிக்கத் தெரியும். அந்தப் பங்குனியிலதான், கோயில்ல கொடி இறக்குன மறுநாள், உச்சி வெயில்ல, வலை உலத்திக்கிட்டு இருந்தவன் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்தான், உக்காந்தவன் எந்திரிக்கலை. அவன் பொண்டாட்டி நம்புவள்ளி அன்னைக்கு மீனுக்கூடையைத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்குப் போயிருந்தா. விக்காத மீனை வித்துட்டுத்தான் வருவேன்னு வீம்புக்கு நின்னவ சாயங்காலமா வந்தா. வந்தப்ப நான்தான் அவன் மூஞ்சியில துண்டைப் போட்டு மூடி வச்சிருந்தேன். காலையில போகும்போது அவன் மூஞ்சியைப் பாத்தாளான்னு கேட்டா, பாக்கலை. எங்க ஊருல கூடை தூக்கிக் கெளம்புன பொம்பளையைப் பின்னாலருந்து யாரும் கூப்பிடக்கூடாது, அவளும் திரும்பிப் பாக்கக்கூடாது, பாத்தா அன்னைக்கு மீனு விக்காது. அதனால அவ எந்த நாளும் திரும்பிப் பாத்ததே இல்லை. "கடைசியா உசிரோட அவுக மூஞ்சியை எப்பப் பாத்தேன்னு ஞாபகம் வரமாட்டேங்குதுக்கா, கஞ்சி ஊத்துனப்ப பானையைத்தானே பாத்தேன்"னு சொல்லிச் சொல்லி அழுவா. அந்த அழுகையைக் கேக்குறதுக்கு ரெண்டு அடி வாங்கிக்கலாம்.

அப்படிப்பட்டவன் அந்தக் கரையில உசிரோட வலை உலத்துறான், பல்லு குத்துறான், முதுகு சொறியுறான். போற ஆம்பளைங்க எல்லாம் பாத்துட்டு வாறாக. ஊரே ஒத்துமையா வாயை மூடிக்கிச்சு, நம்புவள்ளிகிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு. அவ எதுக்க வந்தா மீனைக் கையில குடுத்துட்டு வேற பக்கம் பாத்தாக, எப்பவும் குடுக்குறதை விடக் கூடுதலாக் குடுத்தாக. அவளுக்குச் சந்தேகம் வந்துருச்சு. எங்கிட்ட வந்து, "ஏக்கா, எல்லாரும் எனக்கு எதுக்குப் பெரிய மீனாக் குடுக்குறாக?"ன்னு கேட்டா.

எனக்கு வாயில எள்ளு ஊறாது, ஊருக்கே தெரியும். சொல்லிட்டேன். சொன்னதுக்கு இன்னைக்கு வரைக்கும் வருத்தப்படலை, வயித்துல வச்சிருந்தா எனக்குத்தான் நோவு வந்திருக்கும்.

அவ அழலை. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு நேரா கருமலையான் வீட்டுக்குப் போயி நின்னா. "மாமா, நானும் வாறேன்."

"நீ கத்திருவே ஆத்தா."

"கத்த மாட்டேன்."

"புருசனைப் பாத்தா எந்தப் பொம்பளை கத்தாம இருப்பா? போ, போயி வேலையைப் பாரு."

"கத்தி என்ன ஆகப்போகுது மாமா? சொக்கன் ஆடு எந்திரிச்சு வந்துச்சா? எனக்கு அவுக வரவேணாம், வரமாட்டாகன்னு தெரியும். மூஞ்சியைப் பாக்கணும். பாத்தது போதும்னு ஒருதரம் பாக்கணும், அம்புட்டுத்தான்." அவ குரல் ஒடையாமத்தான் பேசுனா.

கருமலையான் உள்ள போயி ஒரு கை உப்பை எடுத்தாந்து அவ கையில வச்சு மூடுனாரு. எங்க ஊருல உப்பு மேல சத்தியம் பண்ணி மீறுனா மறுபடி கடல்ல கால் வைக்கக்கூடாது. "கூப்பிட மாட்டேன்"னு சத்தியம் பண்ணுனா. "சும்மா உக்கார எடம் இல்லை, தூண்டில் போடணும்"னும் சொன்னாரு. "போடுறேன்"னா.

மொத நாளு எங்க வத்தையிலதான் போனா, நானும் கூடப் போனேன், ஒருத்தியை அப்படி விட முடியுமா? விடியக் காத்து அசந்த நேரத்துல தள்ளுனோம், மடு வரைக்கும் போறதுக்குள்ள அலை அடிச்சு ரெண்டு பேரும் நனைஞ்சு கோழிக்குஞ்சா நடுங்குனோம், அப்பறம் வட்டத்துக்குள்ள நொழைஞ்சோம் பாருங்க, பல்லு அடிக்கிறது அப்படியே நின்னுபோச்சு, சேலை முந்தி காய்ஞ்சு படபடன்னு பறக்குது. நம்புவள்ளி கரையைப் பாத்தா. பனை நெழல்ல களஞ்சியம் உக்காந்து கிழிஞ்ச வலையைக் கோத்துக்கிட்டு இருந்தான். அவ்வளவு தூரத்துலயும் அவன் நாக்கைத் துருத்திக்கிட்டு முடிச்சுப் போடுறது தெரிஞ்சுச்சு, அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. இவ மூச்சு விடுறாளா இல்லையான்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன். தூண்டில்ல ஒரு பாறை மீனு மாட்டி இழுத்துச்சு, அதைக்கூட இழுத்துப் போட்டா, கண்ணை மட்டும் எடுக்கலை.

அப்பறம் அந்தக் கரையில அவளே வந்தா. பங்குனி நம்புவள்ளி, தடிச்ச உடம்போட, கொண்டை போட்டு, ஒரு கையில வாளியும் ஒரு கையில வெளக்கமாறுமா. வந்தா, அவன் பக்கத்துல பெருக்குனா, போனா. மறுபடி வந்தா, சோத்துச் சட்டியை வச்சா, போனா. அவன் ஒவ்வொருதரமும் நிமிந்து பாத்தான். அவ ஒருதரம்கூடப் பாக்கலை.

எங்க வத்தையில இருந்த நம்புவள்ளி பல்லைக் கடிச்சா. "பாக்குறாளா பாரு அந்தச் சிறுக்கி," மெதுவாச் சொன்னா, "அங்க என்னத்த வாரிக் கொட்டிக்கிறா? பெருக்குன எடத்தையே பெருக்குறா. பாருடி, உன்னையத்தானே பாக்குறாக, பாரேன்டி." அவளை அவளே அப்படி வைஞ்சு நான் அன்னைக்குத்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்தும் தாங்கலை அவளுக்கு. அடுத்து வந்த நாளெல்லாம் கடல் பக்கமாவே மூஞ்சியை வச்சுக்கிட்டு இருந்தா, சோறு வச்சாத் தின்னா, வைக்காட்டிக் கேக்கலை. உடம்புக்குள்ள ஒரு தூண்டில் மாட்டிக்கிச்சு, அது இழுக்குது, அவ இங்க இருக்கா, அம்புட்டுத்தான் சொல்ல முடியும்.

பொழுது போகப் போக அந்தப் பங்குனியும் நகந்துச்சு. ஒருநாள் மீனோட வந்த சொக்கன் மீனைப் பத்திப் பேசாம, "கொடி இறக்கிட்டாக"ன்னு மட்டும் சொன்னான். அப்பன்னா மறுநாள்தான் களஞ்சியத்தோட நாளு. மறுநாள் முறை கருமலையானோடது. அவரா வந்து எங்க வாசல்ல நின்னு, "நம்புவள்ளியை என் வத்தையில வரச்சொல்லு. நீங்களும் பின்னால வாங்க. வேற ரெண்டு வத்தையும் வரட்டும், ஒத்தையில வேணாம்"னாரு. முறை தவறாத மனுசன், ஒரு நாளைக்கு ஒரு வத்தைதான்னு அவரே வச்ச முறையை அவரே ஒடைச்சாரு.

போனோம். நாலு வத்தையும் வட்டத்துக்குள்ள இடிச்சுக்கிட்டு நின்னுச்சு. யாரும் தூண்டில் எடுக்கலை. விளிம்புல மீனு கொதிக்கிற சோறு மாதிரித் துள்ளுது, ஒருத்தரும் அந்தப் பக்கம் பாக்கலை, எல்லாரும் கரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம், கருமலையான் மட்டும் வழக்கம்போல முதுகைக் காட்டி.

கரையில பங்குனி விடிஞ்சுச்சு. நம்புவள்ளி கூடையில மீனை அடுக்குனா, சும்மாட்டைச் சுத்துனா, களஞ்சியம் கூடையைத் தூக்கித் தலையில வச்சு விட்டான். வைக்கும்போது மூஞ்சிக்கு மூஞ்சி நேராத்தான் இருந்துச்சு, அப்பவும் அந்தச் சிறுக்கி சும்மாட்டைத்தான் சரிபண்ணுனா. கரையோரமாப் போற ரோட்டுல பஸ்ஸைப் புடிக்க விறுவிறுன்னு நடந்தா. நாங்க கடல்ல, அவ எங்களுக்குக் குறுக்க, எங்க இடது பக்கத்துலருந்து வலது பக்கமா நடந்து போறா.

அப்பத்தான் பாத்தோம். களஞ்சியம் ஒரு கையை நெஞ்சுல வச்சான். சும்மா தடவுற மாதிரித்தான் வச்சான். அப்பறம் அவ போறதைப் பாத்தான். ஒரு எட்டு முன்னால வச்சான், இன்னொரு எட்டு வச்சான், கையைத் தூக்குனான், வாயைத் தொறந்தான். ஏதோ சொல்லணும் அவனுக்கு. தொறந்த வாயை மூடிக்கிட்டான். கூடை தூக்கிப் போறவளைப் பின்னாலருந்து கூப்பிடக்கூடாதே. கூப்பிட்டா மீனு விக்காதே, அவ மொகம் சுண்டிப் போகுமே. தூக்குன கையை அப்படியே வச்சுக்கிட்டு நின்னான் அந்தப் பய, பள்ளிக்கூடத்துல வாத்தியாரு கேக்காம விட்ட புள்ளை மாதிரி.

நம்புவள்ளி வத்தையில எந்திரிச்சு நின்னுட்டா. வாயை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டா. உப்பு மேல சத்தியம் பண்ணுனவ. கண்ணுலருந்து தண்ணி கொட்டுது, தொண்டையிலருந்து ஒரு மாதிரிச் சத்தம் வருது, கூப்பாடு இல்லை, கூப்பாட்டை மென்னு முழுங்குற சத்தம். அந்தச் சத்தம் கேட்டுத்தான் கருமலையான் திரும்புனாரு.

மனுசன் மொதவாட்டியாக் கரையைப் பாத்தாரு. வேப்பமரத்தடியில அவரு மகன் உக்காந்து காய் அடுக்கிக்கிட்டு இருந்தான். அவனைப் பாத்தாரு. அப்பறம் களஞ்சியத்தைப் பாத்தாரு, தூக்குன கையைப் பாத்தாரு, போயிக்கிட்டே இருக்குற கூடையைப் பாத்தாரு.

"பின்னாலருந்துதான கூப்பிடக்கூடாது?" எங்களைப் பாத்துக் கேட்டாரு. "நாம அவளுக்குப் பின்னாலயா இருக்கோம்? பக்கவாட்டுலல்ல இருக்கோம்!"

சொல்லிட்டு அந்தக் கெழட்டு மனுசன் வத்தை நுனியில ஏறி நின்னு, இருந்த மூச்செல்லாம் சேத்து, "ஏ வள்ளி! திரும்பிப் பாரு ஆத்தா!"ன்னு போட்டாரு ஒரு சத்தம்.

வட்டம் ஒரு பாகம் சுருங்குச்சு. பின்னால நின்ன வத்தையில வாடை அறைஞ்சு தண்ணி உள்ள வந்துச்சு. அந்த வத்தைக்காரன் ஏன்னு கேக்கலை, அவனும் "திரும்பிப் பாரு!"ன்னான். சொக்கன் கத்துனான். எங்க வீட்டுக்காரரு கத்துனாக. நான் கத்துனதுல எனக்குத் தொண்டை கிழிஞ்சு தை முடியுற வரைக்கும் கம்முன குரல்தான், அந்த மட்டுல ஊருக்கு நிம்மதின்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாக. அந்த வருசத்துச் சோறு அங்க கண்ணு முன்னால சுருங்கிக்கிட்டே போகுது, ஊரு கத்திக்கிட்டே இருக்கு, திரும்பிப் பாருடி, திரும்பிப் பாரு தாயி, திரும்பிப் பாரு, திரும்பிப் பாரு. சத்தியம் பண்ணுனவ மட்டும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னா.

ரோட்டுல கூடை நின்னுச்சு. அவ கடல் பக்கமாத் தலையைத் திருப்புனா, யாருடா கூப்பிட்டதுன்னு. திருப்புன தலை இன்னுங் கொஞ்சம் திரும்புச்சு.

அம்புட்டுத்தான் நாங்க பாத்தது. ஒரு கஞ்சிக் கும்பா அளவுக்குச் சுருங்கி வட்டம் மூடிக்கிச்சு, வாடை நாலாபக்கமும் வந்து விழுந்துச்சு, குளிர்ந்த தண்ணி மூஞ்சியில அடிச்சுச்சு. கரையைப் பாத்தா பனை இல்லை, கூரை இல்லை, மார்கழிதான் நின்னுச்சு. தண்ணியை எறைச்சு, துடுப்பு ஒடிஞ்சு, ஒருத்தரை ஒருத்தர் கயித்தால கட்டிக்கிட்டுக் கரை சேந்தோம்.

அதுக்கப்பறம் அந்தத் தண்ணி வரலை. பழையபடி விடியக் காத்துக்குக் காத்துக்கெடந்து மடுவுல ஈயக்குண்டை விட்டு, கெடைச்சதைத் தின்னோம். பொங்கலுக்குப் பல வீட்டுல சக்கரை இல்லாமத்தான் பொங்குனாக. கருமலையானை ஒருத்தரு ஒரு வார்த்தை கேக்கலை. அவரும் மகனுக்குப் போன் போட்டு, ஒண்ணும் பேசாம, "சும்மாதான்டா கூப்பிட்டேன்"னு சொல்லிட்டு வச்சதா அவரு சம்சாரம் எங்கிட்டச் சொன்னா.

கரை ஏறுன அன்னைக்கே நம்புவள்ளியை என் வீட்டுல உக்காரவச்சு, தலையைத் துவட்டி, அடுப்புப் பக்கம் தள்ளி விட்டு, கம்முன தொண்டையோட கேட்டேன், "திரும்புனியாடி?"

அவ நெருப்பையே பாத்துக்கிட்டு இருந்தா. மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு, கல்யாணமான புதுசுல இருந்த மாதிரி. "திரும்புனேன்க்கா. இப்பத்தான் ஞாபகம் வருது. கையைத் தூக்கிக்கிட்டு நின்னாக. நான் பாத்ததும் சிரிச்சாக."

"ஏதாச்சும் சொன்னானா?"

"ஒண்ணுமில்லக்கா. 'வெயிலுக்கு முந்தி வந்துரு'ன்னாக. நான் சரின்னேன்."

அந்த மத்தியானம், அந்த வலை, நான் அந்த மூஞ்சியில துண்டு போட்டது எல்லாம் எனக்குத் தெரியும், அவன் ஒத்தையிலதான் கெடந்தான், என் ரெண்டு கண்ணால பாத்தேன். அதையும் நான் மறக்கலை. ஆனா அவ முகத்தைப் பாக்கப் பாக்க இன்னொரு ஞாபகமும் எனக்குள்ள வந்து அதுக்குப் பக்கத்துல உக்காந்துச்சு, அதே மணல், அதே உச்சி வெயிலு, பாதி மீனு விக்காத கூடை ஒண்ணு ஓரமாக் கவுந்து கெடக்கு.

"வந்தியாடி?"ன்னு கேட்டேன்.

"வந்துட்டேன்க்கா," நம்புவள்ளி சொன்னா, "வெயிலுக்கு முந்தியே வந்துட்டேன். என் மடியிலதான் போனாக. என்னைப் பாத்துக்கிட்டேதான் போனாக, நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."